ஒரகடத்து ஏரியில் இறங்கிய விமானம்

1991 மார்ச்சில் ஒரு புதன்கிழமை, காலை ஏழு நாற்பதுக்கு மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பினோம். நாங்கள் இரண்டே பேர். விமானத்தை ஓட்டியவர் கேப்டன் தேவசகாயம், ஐம்பத்திரண்டு வயதுக்காரர். முன்பு ஆந்திரப் பக்கம் வயல்களுக்கு மருந்து தெளிக்கும் விமானம் ஓட்டிக்கொண்டிருந்தவர். நான் ஒரு நில அளவை நிறுவனத்தில் புகைப்படக்காரன். ஸ்ரீபெரும்புதூருக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவில் கிடக்கும் நிலத்தை மேலிருந்து படமெடுத்துக் கொடுக்க வேண்டும். யாருக்கு, எதற்கு என்று எனக்குச் சொல்லவில்லை. தொழிற்சாலைகள் வரப்போவதாக ஆபீஸில் பேச்சு இருந்தது.

இதே இடத்துக்குப் பஸ்ஸில் போவதென்றால் பிராட்வேயில் ஏறி, பூந்தமல்லியில் கால் மணி நேரம் நின்று, ஸ்ரீபெரும்புதூரில் மாறி, ஒரகடத்தில் இறங்க மூன்று மணி நேரமாவது ஆகும். ஆகாயத்தில் கால் மணி. அதில் எனக்கு ஒரு சின்னக் கர்வம் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நான்கு பேர் உட்காரக்கூடிய ஒற்றை எஞ்சின் விமானம். உள்ளே ஒரு அம்பாசிடர் காரைவிட இடம் குறைவு. கதவைச் சாத்தினால் தகரப் பெட்டியை மூடுகிற சத்தம் வரும். றெக்கை தலைக்கு மேலே இருப்பதால் கீழே பார்ப்பதற்குத் தடையில்லை. பெட்ரோல் டாங்கிகள் அந்த றெக்கைக்குள்தான் இருக்கின்றன என்று கேப்டன் கிளம்பும்போது காட்டியிருந்தார். நான் அதைக் காதில் வாங்கிக்கொண்டு மறந்துவிட்டேன்.

ஏழு ஐம்பதுக்குச் செம்பரம்பாக்கம் ஏரியைக் கடந்தோம். எங்கள் நிழல் தண்ணீரின் மேல் சத்தமில்லாமல் நழுவிப் போய், கரையேறி, பனைமரங்களுக்குள் நுழைந்து காணாமல் போனது. கொஞ்ச நேரத்தில் ஸ்ரீபெரும்புதூர்க் கோயில் கோபுரம் வெல்லக்கட்டி அளவுக்குத் தெரிந்தது. அதற்குத் தெற்கே எங்கு பார்த்தாலும் ஏரிகள். சிலவற்றில் தண்ணீர், சிலவற்றில் தண்ணீர் இருந்த இடத்தின் நிறம் மட்டும். எஞ்சின் ஒரே சீராக முனகிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் ஒரு மயக்கம் உண்டு. கேமராவை அழுத்துவதும் சுருளை நகர்த்துவதும் வேறு யாரோ செய்வது போலத்தான் இருந்தது.

எட்டு இருபதுக்கு அந்த முனகல் இரண்டு முறை இருமியது. அப்புறம் நின்றுவிட்டது.

விமானம் கல்லைப் போல விழும் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி விழவில்லை. முன்னால் விசிறி அசையாமல் குறுக்காக நிற்க, காற்று மட்டும் இறக்கைகளின் ஓரத்தில் ஸ்ஸ் என்று போய்க்கொண்டிருந்தது. அத்தனை அமைதியான பயணத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் அனுபவித்ததில்லை. கீழே எங்கோ ஒரு நாய் குரைத்தது கேட்டதாகக்கூட எனக்கு நினைவு. அது நடந்திருக்க முடியாது என்று கேப்டன் பிற்பாடு சொன்னார்.

கேப்டன் இரண்டு தடவை எதையோ திருகிப் பார்த்தார். பிறகு மைக்கில் எங்கள் இடத்தைச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, எஞ்சின் திரும்ப வராது. இறங்கிடலாம். கண்ணாடியக் கழட்டி சட்டைக்குள்ள போடுங்க. பெல்ட்ட இறுக்குங்க."

"எங்க சார் இறங்குறது?"

"அந்த ஏரியில. தண்ணி இல்லாத பாதியில."

எங்களுக்கு மூன்று நிமிடம் இருந்தது. வயல்களில் இறங்கினால் வரப்பு தடுக்கிக் குப்புறக் கவிழ்ந்துவிடும் என்றார். ஏரியின் கரையோரம் ஒரு செங்கல் சூளை புகைந்துகொண்டிருந்தது. அந்தப் புகை சாய்ந்த திசையைப் பார்த்து, வேகம் குறைய அதற்கு எதிராக விமானத்தைத் திருப்பினார். கருவேல மரங்கள் பெரிதாகிக்கொண்டே வந்தன.

"கதவோட கைப்பிடிய இப்பவே திறந்து வைங்க. இடிச்சதுன்னா அப்புறம் திறக்காது."

திறந்தேன். காற்று உள்ளே பாய்ந்து என் குறிப்புத் தாள்களை அள்ளிக்கொண்டு போனது.

"கேளுங்க. பெட்ரோல மூடிட்டேன், கரண்ட இப்ப நிறுத்துறேன். ஆனா டாங்கி பாதிக்கு மேல இருக்கு. விழுறதுல சாகுறவங்க கம்மி. விழுந்ததுக்கு அப்புறம் எரியுறதுலதான் போவாங்க. வண்டி நின்னதும் இறங்கி ஓடுங்க, திரும்பிப் பாக்காதீங்க."

சக்கரங்கள் ஏரிமண்ணைத் தொட்டபோது, பெரிய துணியைக் கிழிப்பது போலச் சத்தம் வந்தது. நூறு அடிவரை நன்றாகவே ஓடினோம். அப்புறம் செங்கல்லுக்கு மண் வெட்டிய பள்ளம் ஒன்றின் விளிம்பில் முன்சக்கரம் மாட்டி முறிந்தது. மூக்கு தரையில் குத்தியது. பெல்ட் என் நெஞ்சை அறுப்பது போல இழுத்துவிட்டுத் தளர்ந்தது. தூசி, பிறகு நிசப்தம். அந்த நிசப்தத்தில் எங்கோ குழாய் சரியாக மூடப்படாதது போன்ற ஒரு சொட்டு.

பெட்ரோல் வாடை வந்ததும் நான் கதவைத் தள்ளி இறங்கி ஓடினேன். முப்பது, நாற்பது அடி ஓடியிருப்பேன். கையில் ஏதோ கனக்கிறதே என்று பார்த்தால், கேமரா. அதை எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை. கேப்டன் பின்னால் வருகிறார் என்றுதான் நினைத்தேன். நினைத்தேனா, நினைக்க விரும்பினேனா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை.

எதிரே சூளைப் பக்கமிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். முதலில் வந்தவள் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். முழங்கைவரை மண் அப்பியிருந்தது. என்னைத் தாண்டும்போது அவள் நிற்கவில்லை. ஓடிக்கொண்டே கேட்டாள்.

"உள்ள யாருனா கீறாங்களா?"

நான் திரும்பிப் பார்த்தேன். கேப்டன் பக்கம் இருந்த இடது கதவு திறந்து கிடந்தது. கேப்டன் இறங்கவில்லை.

"ஒருத்தர் இருக்கார்."

அவள் போய்க்கொண்டே இருந்தாள். கேமராவை மண்ணில் வைத்துவிட்டு நானும் அவள் பின்னால் ஓடினேன். தைரியம் வந்து ஓடவில்லை. அவள் ஓடும்போது என்னால் அங்கே நிற்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அவள் பெயர் மரகதம். கூட வந்தவர் அவள் கணவர் ஏழுமலை. இன்னும் ஐந்தாறு பேர், எல்லாரும் அந்தச் சூளையில் செங்கல் அறுப்பவர்கள்.

இடது றெக்கை உடலோடு சேரும் இடத்தில் டாங்கி பிளந்து, பெட்ரோல் நூலாக ஒழுகிக்கொண்டிருந்தது. விமானப் பெட்ரோலுக்கு நீலச் சாயம் போட்டிருப்பார்கள். அந்த நீலம் கண்ணாடியில் வழிந்து, கேப்டனின் தோளில் சொட்டி, கீழே வெடித்த மண்ணின் கோடுகளில் ஓடியது. வெயிலில் அதன் மேல் காற்று தண்ணீர் போல நெளிந்தது. பார்க்க அழகாக இருந்தது என்று எழுத எனக்குக் கூசுகிறது. ஆனால் அழகாகத்தான் இருந்தது.

கேப்டனின் இடது கால், நொறுங்கிய முன்பலகைக்குக் கீழே மிதிகட்டையில் மாட்டியிருந்தது. முகம் வெளுத்திருந்தது. அவர் எங்களைப் பார்க்காமல் எங்களுக்குப் பின்னால் பார்த்தார்.

"அந்த அடுப்ப அணைங்க முதல்ல."

விமானத்தின் வாலுக்குப் பின்னால் ஒரு ஓரமாக, நாற்பது அடி தூரத்தில் மூன்று கல் வைத்த அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மேலே சோற்றுப் பானை. காற்று எங்களிடமிருந்து அந்தப் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது. வெட்டுப் பள்ளம் வழியாக நீலம் நகர்ந்த திசையும் அதுவே. சூளை எதிர்ப்பக்கம் தூரத்தில் இருந்தது. அதை ஒன்றும் செய்ய முடியாது, அது மூன்று நாளாக எரிகிறது.

மரகதம் திரும்பி ஓடினாள். சேலைத் தலைப்பால் பானையைப் பிடித்துத் தூக்கி, கொதிக்கிற சோற்றையும் கஞ்சியையும் அடுப்பின் மேல் கவிழ்த்தாள். புஸ் என்று வெள்ளையாக ஆவி எழுந்தது. அப்போதும் ஒரு கொள்ளி புகைந்தது. பக்கத்தில் கல் அறுக்கக் குழைத்து வைத்திருந்த மண்ணை இரண்டு கையாலும் அள்ளி அதன் மேல் அப்பினாள். அதற்குள் ஏழுமலை மற்றவர்களிடம் சொன்னார்.

"பீடி வச்சிகினு கீறவன் அப்டியே நில்லு. கிட்ட வராத."

ஒருவர் காதில் செருகியிருந்த பீடியை எடுத்துத் தூர எறிந்தார். பற்ற வைக்காத பீடிதான்.

ஏழுமலை கடப்பாரை கொண்டுவந்தார். கேப்டன் கையை உயர்த்தினார்.

"இரும்பு வேணாம்பா. ஒரு பொறி போதும்."

"அப்ப இன்னா பண்றது சார்?"

"மரம் எதாவது."

கல் அறுக்கும் மர அச்சுகள் வந்தன. ஒன்றை முன்பலகைக்குக் கீழே கொடுத்து ஏழுமலையும் நானும் எம்பினோம். அச்சு உடைந்தது. இரண்டாவதைக் கொடுத்தோம். பலகை ஒரு விரல் அளவு உயர்ந்தது, அதற்கு மேல் அசையவில்லை. பெட்ரோல் என் கழுத்தில் விழுந்து முதுகில் இறங்கியது. பனிக்கட்டி மாதிரி குளிர்ந்தது. அந்த வாடையில் எனக்குத் தலை சுற்றியது. தூங்கிவிடலாம் போல இருந்தது.

"தம்பி, போதும். போங்க," என்றார் கேப்டன். அவர் குரலில் பயமில்லை, களைப்புதான் இருந்தது.

"இன்னா போதும்," என்றாள் மரகதம். அவள் எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. "நவுருங்க."

ஒரு சட்டி நிறையக் குழைத்த மண்ணோடு வந்திருந்தாள். நல்ல களிமண், வெண்ணெய் போல. என் இடுப்புக்குக் கீழே புகுந்து, அந்த மண்ணை அள்ளி அள்ளி அவர் ஷூவுக்குள்ளும் கணுக்காலைச் சுற்றியும் திணித்தாள். ஷூ கயிற்றை விரலால் தேடி அவிழ்த்தாள்.

"சார், வலிக்கும். கத்துறதுனா கத்திடுங்க. கட்டைய எம்புங்க ரெண்டு பேரும்."

எம்பினோம். அவள் அவர் முழங்காலைக் கட்டிப்பிடித்து இழுத்தாள். கேப்டன் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நீளமாக ஒரு மூச்சு விட்டார். கால் மட்டும் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. ஷூ உள்ளேயே தங்கிவிட்டது.

அவரைத் தூக்கிக்கொண்டு காற்று வரும் திசையில், சூளைக்கும் விமானத்துக்கும் நடுவே ஒரு கருவேல மரத்தடிக்குப் போனோம். பெட்ரோலில் நனைந்த சட்டைகளை அங்கே போகுமுன்னே கழற்றிப் போடச் சொன்னார் கேப்டன். மரகதம் குடத்துத் தண்ணீரை எங்கள் மேல் ஊற்றினாள். அப்போது மணி எட்டு ஐம்பது.

பிறகு எல்லோரும் உட்கார்ந்து விமானத்தைப் பார்த்தோம், எப்போது பற்றும் என்று. எஞ்சின் சூடு ஆறுவதற்குள் பற்றலாம், டாங்கி காலியாகிற வரைக்கும் பற்றலாம் என்று கேப்டன் சொல்லிவிட்டார். ஊரிலிருந்து ஆட்கள் கரைமேல் வந்து கூடினார்கள். ஏழுமலை எல்லாரையும் கரையிலேயே நிறுத்தினார். மொபெட்டில் கேனைக் கட்டிக்கொண்டு ஒருவர் ஏரிக்குள் இறங்கப் பார்த்தார்.

"சும்மாதானே ஊத்தினு கீது, புடிச்சிக்கிறேன்."

"வண்டிய ஆப் பண்ணிட்டு வூட்டுக்குப் போ," என்றார் ஏழுமலை. "எரிஞ்சா உன்ன யாரு புடிக்கிறது?"

அவர் முணுமுணுத்துக்கொண்டே வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

சொட்டுவது மெல்ல மெல்ல மெலிந்தது. வெள்ளாடு ஒன்று போய் விமானத்தின் வால் நிழலில் படுத்துக்கொண்டது. ஒரு கொக்கு பள்ளத்தில் இறங்கி நடந்தது. காற்று நெளிவது நின்றது. பத்து மணிக்கு, சொட்டுவதும் நின்றுவிட்டது. எரியவில்லை. எரியாது என்று தெரிந்த பிறகுதான் மண்ணில் வைத்த கேமரா எனக்கு நினைவு வந்தது, போய் எடுத்து வந்தேன். மரகதம் குடிக்க ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாள்.

பத்தே காலுக்கு டிராக்டர் வந்தது. ஏழுமலையின் லுங்கி ஒன்றைப் போர்த்திக் கேப்டனைப் பின்பெட்டியில் வைக்கோல் பரப்பிப் படுக்க வைத்தோம். ஒரகடம் கூட்டுரோடுவரை டிராக்டர், அங்கிருந்து ஸ்ரீபெரும்புதூருக்கு ஒரு ஜல்லி லாரி. வழியில் கேப்டன் வானத்தைப் பார்த்தபடி பேசினார்.

"ஓடுனீங்க இல்ல?"

"ஓடினேன் சார்."

"நான்தானே சொன்னேன்."

"நீங்க சொன்னதுக்காக ஓடல சார்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "நானா இருந்தாலும் அப்படித்தான்," என்றார்.

ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரியில் கணுக்கால் இரண்டு இடத்தில் முறிந்திருப்பதாகச் சொல்லிக் கட்டுப் போட்டார்கள். மதியம் அவருடைய விமானக் கம்பெனி ஆட்கள் வேனில் வந்து அழைத்துப் போனார்கள். ஆறு மாதம் கழித்துத் தாங்கித் தாங்கி நடந்தார். விமானம் ஓட்டுவதை அவர் விட்டுவிடவில்லை. எஞ்சின் ஏன் நின்றது என்று விசாரித்தவர்கள் எரிபொருளில் தண்ணீர் கலந்திருக்கலாம் என்று எழுதினார்கள். ஆளைக் குற்றம் சொல்லவில்லை.

நான் அந்த வேனில் ஏறாமல் தனியாக ஊர் திரும்பினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஒரகடம் போனேன், இந்தத் தடவை பஸ்ஸில். மூன்று மணி பத்து நிமிடம் ஆயிற்று. விமானத்தைக் கழற்றி லாரியில் ஏற்றிப் போயிருந்தார்கள். நீலம் ஓடிய மண்ணை வெட்டித் தனியாகக் குவித்திருந்தார் ஏழுமலை. அந்த மண்ணில் கல் அறுத்தால் சூளையில் என்ன ஆகும் என்று அவருக்குச் சந்தேகம். மரகதம் வெயிலில் கல் அறுத்து வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

கேப்டன் நன்றாக இருப்பதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். பிறகு அவளே கேட்டாள்.

"மேல இருந்து பாத்தா எங்க வூடு தெரியுமா சார்?"

பொய் சொல்லியிருக்கலாம்.

"தெரியல. புகை தெரிஞ்சது. அதப் பாத்துதான் கேப்டன் இந்தப் பக்கம் இறக்கினார்."

அவள் சூளையைத் திரும்பிப் பார்த்தாள். இன்னும் மெல்லியதாக ஒரு புகை சாய்ந்து போய்க்கொண்டிருந்தது.

"பொகை தெரிஞ்சா சரி," என்றாள். "ஆளு கீதுன்னு தெரியுமில்ல."

மாலை ஐந்து மணி பஸ்ஸில் சென்னைக்குத் திரும்பினேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். ஸ்ரீபெரும்புதூர் தாண்டி இருங்காட்டுக்கோட்டை வரும்வரை, வெயில் சாய்ந்த அந்த வெளியில், அங்கங்கே மரங்களுக்கு மேலாக ஒவ்வொரு புகையாக எழுந்துகொண்டிருந்தது. பூந்தமல்லியில் விளக்குகள் வந்து மறைக்கும் மட்டும் அவற்றை எண்ணிக்கொண்டே வந்தேன்.