இரண்டு கோரும் பர்வீனின் செல்போனும்

அன்று மாலை நாலு மணிக்குள் ஓர் எண்ணை அனுப்பியாக வேண்டும். விளாங்குடியில் ஒரு மாடியில் இயங்கும் எங்கள் சின்ன நிறுவனம், வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் கம்ப்யூட்டருக்கு ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதித் தருகிறது. வெளியே பார்த்தால் எண்பதுகளின் வீட்டுக் கம்ப்யூட்டர். உள்ளே இரண்டு கோர், அதாவது ஒரே நேரத்தில் வேலை பார்க்கும் இரண்டு மூளை, கொண்ட புது பிராசசர். பழைய சிஸ்டத்துக்கு ஒரு கோரைத்தான் தெரியும். இரண்டாவதையும் அதற்கு அறிமுகப்படுத்தி வைப்பதில் எனக்கு இரண்டு வருடம் போயிருந்தது. வேகம் ஒன்றரை மடங்காவது வராவிட்டால் இரண்டாவது கோரையே கைவிடுவதாகக் கம்பெனி சொல்லிவிட்டது.

காலையில் பெஞ்ச்மார்க் என்னும் வேகப் பரிசோதனையை ஓட்டினேன். ஒரு படத்தை வரைந்து முடிக்க ஒரு கோருக்கு 96 நொடி, இரண்டு கோருக்கு 30. மூன்று மடங்குக்கும் மேல்! என்னைப் பற்றி எனக்கு ஏற்கெனவே இருந்த நல்ல அபிப்பிராயம் உறுதிப்பட்டது. முதலாளியிடம் ஓடிப்போய்ச் சொல்லியும் விட்டேன்.

டெஸ்டிங் பார்க்கும் பர்வீன் திரையை எட்டிப் பார்த்தார்.

“அண்ணே, ரெண்டு பேரு சேந்து மூணு பேரு வேலைய எப்படிண்ணே பாப்பாக?”

“பிராசசருக்குள்ள இருக்குற கேஷ் மெமரி ஒத்துழைக்குதும்மா. அது பெரிய விஷயம்.”

“ஒத்துழைக்கட்டும். இன்னொருக்கா ஓட்டுங்க, நான் செல்லுல டைம் பாக்குறேன்.”

ஓட்டினேன். திரையில் 30. செல்போனில் 60.

இரண்டு கோரும் மும்முரமானதும் சிஸ்டத்தின் கடிகாரம் பாதித் துடிப்பைத் தவறவிட்டிருக்கிறது. பெஞ்ச்மார்க் நேரம் கேட்டது அந்தக் கடிகாரத்திடம். அந்தக் கடிகாரத்துக்கு புரோகிராம் எழுதியவன் நான்.

முதலாளி தலையில் கை வைத்தார். “என்னய்யா, மூணு மடங்குன்ன, இப்ப ஒன்னு புள்ளி ஆறுங்கிற? கம்பெனிக்காரவுககிட்ட சொல்லிட்டேனேய்யா! ரெண்டுன்னாவது போடுவமா?”

நான் யோசித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பர்வீன் யோசிக்கவில்லை.

“அவுக கையிலயும் வாட்ச் இருக்கும்ல சார்? ஒருக்கா மாட்டுனா, அடுத்து நாம எதச் சொன்னாலும் நம்ப மாட்டாக.”

கணினித் திரையும் செல்போனும் சேர்ந்து தெரிய அவரே வீடியோ எடுத்தார். 1.6 என்று எழுதி, காலையில் சொன்னது தப்பு என்பதையும் எழுதி, நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அனுப்பினோம்.

மறுநாள் பதில் வந்தது. இரண்டாவது கோர் இருக்கட்டும்; அந்த அளக்கும் முறையை மட்டும் விவரமாக எழுதி அனுப்புங்கள். பர்வீன் ஒன்றரைப் பக்கம் எழுதினார். இன்று அந்தக் கம்ப்யூட்டரை வைத்திருக்கும் ஆர்வலர்கள் எல்லாரும் அப்படித்தான் அளக்கிறார்கள். என் இரண்டு வருடத்தைப் பற்றி யாரும் இதுவரை விசாரிக்கவில்லை.

வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு என்னிடம் ஒரே புத்திமதிதான் இருக்கிறது. பிடிக்காத எண் வந்தால் நாமே நூறு தடவை சரிபார்ப்போம். அதற்கு ஆள் வேண்டாம். பிடித்த எண் வந்தால் பர்வீனைக் கூப்பிடுங்கள்.