கன்னியம்மா துரும்பு கிள்ளிய கதை

செம்பாக்கம் ஏரிக்கரை எல்லம்மாவுக்குப் பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவன் சம்பத், இளையவள் கன்னியம்மா. கன்னியம்மாவை அத்தை மகன் பக்தவச்சலத்துக்குத்தான் கொடுத்தார்கள். திருமுடிவாக்கம் லேத் பட்டறையில் வேலை, நல்ல சம்பளம். வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை என்ற குறையைத் தவிர, குடித்தனம் நன்றாகத்தான் ஓடியது.

டெல்லியில் ஆட்சி மாறி, வெளிநாட்டுச் சரக்குக்குக் கதவைத் திறந்துவிட்ட காலம் அது. பட்டறைக்கு ஆர்டர் வரவில்லை. முதலாளி ஷட்டரை இறக்கிவிட்டார். அதே சமயம் தாம்பரம் சானடோரியம் பக்கம் ஏற்றுமதித் தையல் கம்பெனிகள் பெண்களைத் தேடித் தேடி வேலைக்கு எடுத்தன. கன்னியம்மா போய்க் காலர் தைக்கும் மெஷினில் உட்கார்ந்தாள். கம்பெனி வேன் தெருமுனைக்கே வந்து ஏற்றிக்கொண்டது.

பக்தவச்சலம் வீட்டிலேயே கிடந்தான். பெண்டாட்டி தலைவாரிக்கொண்டு வேனுக்கு நிற்பது அவன் கண்ணை உறுத்தியது. ஓவர்டைம் என்றால் சந்தேகம், பவுடர் போட்டால் சந்தேகம். முதலில் வாய் நீண்டது, பிறகு கை நீண்டது. ஒருநாள் கம்பெனி கேட்டுக்கே வந்து அவள் முடியைப் பிடித்தான். அன்று சாயங்காலமே கன்னியம்மா ஊர்ப் பெரியவர் துரைராஜிடம் போய், உறவைத் தீர்த்துவிடச் சொல்லிக் கேட்டாள்.

அந்தத் தெருக்காரர்கள் இதற்கெல்லாம் கோர்ட்டுக்குப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மன் கோயில் வாசலில் கூடி, ஒரு துரும்பைக் கிள்ளிப் போட்டால் உறவு முடிந்தது. ஆனால் கிள்ளுமுன் பெண்ணோடு பிறந்தவனிடம் ஒரு கேள்வி உண்டு. இனிமேல் இவளுக்கு யார் வீட்டில் சோறு? அவன் ‘என் வீட்டில்’ என்றால்தான் தீர்வு. அண்ணன் தம்பிகள் தலையைக் குனிந்துகொண்டதால், அடிவாங்கின வீட்டுக்கே திரும்பிய பெண்கள் எத்தனையோ பேர். கன்னியம்மாவின் சின்னம்மா கங்கம்மாவும் அப்படித் திரும்பியவள்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் துரைராஜ் சம்பத்திடம் அதைக் கேட்டார். சம்பத் நல்லவன்தான். இருந்தது ஒரே அறை, அதில் மூன்று பிள்ளைகள். அவன் பெண்டாட்டி காந்திமதியின் முகத்தைப் பார்த்தான். காந்திமதி ஏரியைப் பார்த்தாள்.

“அத இன்னாத்துக்கு பெரீப்பா கேக்குறீங்க?” என்றாள் கன்னியம்மா. “என் சோறு என் வூட்ல. ஊரப்பாக்கத்துல ரூம் பாத்துக்கினேன். ரயிலேறி வேலைக்குப் போவேன்.”

“பொம்பள பதில் சொல்ற வயக்கம் இல்லம்மா.”

“ஒரு வருசமா வூட்ல குந்திக்கினு துன்னாரே, அது யார் சோறுன்னு அவரக் கேட்டீங்களா?”

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். பக்தவச்சலம் மட்டும் சிரிக்கவும் இல்லை, சீறவும் இல்லை.

“வுட்ருங்க மாமா,” என்றான். “அவ வந்தாலும் நான் அடிக்காம இருப்பேனான்னு எனக்கே தெரில.”

துரைராஜ் துரும்பை எடுத்துக் கன்னியம்மாவிடம் கொடுத்தார். அவள் கிள்ளிப் போட்டாள்.

அந்த வருஷமும் அடுத்த வருஷமும் கோயில் வாசல் ஓயவில்லை. தையல் கம்பெனி வந்து குடும்பங்களைக் கெடுத்துவிட்டது என்று ஆண்கள் பேசிக்கொண்டார்கள். கெட்டுக்கிடந்தது இப்போதுதான் வெளியே தெரிகிறது என்று பெண்கள் வேனுக்குள் பேசிக்கொண்டார்கள்.

கன்னியம்மா ஊரப்பாக்கத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் வெயில் ஏறும்வரை தூங்கினாள். விருப்பப்பட்டால் மீன் வாங்கினாள். பக்தவச்சலத்துக்கும் பிறகு வேறு பட்டறையில் வேலை கிடைத்து, வேறு பெண்ணும் அமைந்து, அவளை அடிக்காமல் இருக்கிறான் என்று கேள்விப்பட்டபோது கன்னியம்மாவுக்கு வருத்தம் வரவில்லை.

கன்னியம்மா துரும்பு கிள்ளிய அடுத்த மாதமே செம்பாக்கம் தெருமுனையில் அந்த வேனுக்கு இன்னொருத்தி தலைவாரிக்கொண்டு நின்றாள். காந்திமதிதான். வழியனுப்ப வந்த சம்பத், சாப்பாட்டுப் பையைப் பதவிசாகக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.