நம்பிக்கை இருக்குங்க சார்

எழுபதுகளின் கடைசியில் அரியலூருக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்ட் ஆலையில் டைம் ஆபீஸ் கிளார்க்காக இருந்தேன். ஆலைக்கு ஒரு கால்பந்து அணி உண்டு. அதில் நான் கோல்கீப்பர். ஓடினால் எனக்கு மூச்சு வாங்கும். அந்த இடத்துக்கு என்னைத் தேர்ந்தெடுக்க வேறு காரணம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. மற்ற பத்துப் பேரும் என்னைவிடத் தேவலாம் என்று சொல்ல ஆசைதான். ஆனால் இந்த வயதில் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? ஃபிட்டர் ஒருவர், கேண்டீனில் பரிமாறுகிறவர் ஒருவர், கிரேன் ஓட்டுகிறவர் ஒருவர் என்று ஆலையில் யாரை எந்த நேரத்திலும் விட முடியுமோ அவர்களைப் பொறுக்கி எடுத்த அணி அது.

எங்கள் கோச், பேக்கிங் பிரிவில் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தவர். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. இளவயதில் திருச்சியில் நன்றாக ஆடியவர் என்று பேச்சு. வருஷக்கணக்கில் சிமெண்ட் தூசியிலேயே நின்றதில் அவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. பேசும்போது நடுவில் நிறுத்தி, சுவரைப் பிடித்துக்கொண்டு இருமிவிட்டுத்தான் மீதியைச் சொல்வார். அணி ஆரம்பித்தபோது அவரைக் கோச் ஆக்கி, பகலில் ஸ்டோரில் உட்கார்ந்து சாமான் எடுத்துக்கொடுக்கும் வேலைக்கு மாற்றினார்கள். ஆறே மாதத்தில் இருமல் அடங்கிவிட்டது. கோச்சாக இருக்கிறவரை ஸ்டோர்; கோச் வேலை போனால் மறுபடியும் பேக்கிங். இது எங்கள் பதினொரு பேருக்கும் நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே நாங்கள் செய்ததைத்தான் சொல்ல வந்தேன்.

அந்த வருஷம் எல்லா ஆட்டத்திலும் தோற்றோம். பெரம்பலூர்ப் பையன்கள் எங்களிடம் மரியாதையாக நடந்துகொண்டு மூன்று கோலோடு விட்டார்கள். செந்துறையில் தோற்றுவிட்டு, பஸ்ஸில் இடம் கிடைக்காமல் அரியலூர் வரை நின்றுகொண்டே வந்தோம். வரதராஜன்பேட்டைக்காரர்கள் ஏழு கோல் போட்டார்கள். எட்டாவதற்கு அவர்களே சலித்துப்போய், பந்தை வேலிக்காத்தான் முள்ளில் அடித்துப் பஞ்சராக்கிவிட்டார்கள். ஏழும் என்னைத் தாண்டிப் போனவை என்பதால் கணக்கில் தவறிருக்க வாய்ப்பில்லை.

கோச் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது ஒரே ஒரு பாடம். "பந்த நீயே வச்சிக்கிட்டு என்னா தம்பி பண்ணப்போற? பக்கத்துல ஒருத்தன் சும்மா நிக்கிறான் பாரு, அவன்கிட்ட குடுத்துட்டு ஓடு" என்பார். பொறுமையாக, கோபமே இல்லாமல், தினமும் சொல்வார். எங்களுக்கு அதில்தான் சங்கடம். பக்கத்தில் நிற்கிறவனை நாங்கள் ஒவ்வொருவரும் நன்றாக அறிந்தவர்கள். அவனிடம் பந்தைக் கொடுப்பதும் எதிரியிடம் கொடுப்பதும் ஒன்று என்பது எங்கள் முடிவு. அதனால் ஃபிட்டர் பந்து கிடைத்ததும் தலையைக் குனிந்துகொண்டு ஓடுவார். மைதானம் முடிந்த பிறகுதான் நிமிர்ந்து பார்ப்பார். கிரேன்காரர், பந்து எங்கே இருந்தாலும் "எனக்குக் குடு, எனக்குக் குடு" என்று கத்துவார். கிடைத்தால் என்ன செய்வது என்று அவருக்கே தெரியாது.

ஆட்டம் முடிந்ததும் ஆலை வாசல் டீக்கடையில் கூடுவோம். அங்கே எங்களைப் போலக் கெட்டிக்காரர்கள் கிடையாது. கோச்சுக்கு ஒன்றும் தெரியாது, அவர் காலம் மலையேறிவிட்டது, கண்டிப்பு போதாது என்று பிரித்து மேய்வோம். கண்டிப்பு போதாது என்று மேசையைத் தட்டிச் சொன்ன கேண்டீன்காரர் அந்த வாரம் பயிற்சிக்கே வரவில்லை. கோச் டீக்கடைப் பக்கம் வருவது தெரிந்தால் பேச்சு சட்டென்று மாறிவிடும். "வாங்கண்ணே, ஒரு டீ சாப்புடுங்க" என்று பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுப்போம். கோச் எங்கள் பேரில் எழுதிக்கொடுத்தால்தான் மூன்று மணிக்கே கேட் பாஸ் கிடைக்கும். எங்கள் மரியாதையில் பாதி அந்தத் துண்டுச் சீட்டுக்கு.

அந்தச் சமயத்தில் மெட்ராஸிலிருந்து, தொழிலாளர் விவகாரங்களைக் கவனிக்க ஒரு பர்சனல் ஆபீசர் புதிதாக வந்து சேர்ந்தார். எதையும் விசாரித்து, எழுதி, ஃபைலில் வைக்காமல் விட மாட்டார். அணி தோற்கிறது என்று கேள்விப்பட்டதும், ஆட்டக்காரர்களுக்குக் கோச் மேல் நம்பிக்கை இருக்கிறதா என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டுத் தனியாகக் கேட்பது என்று முடிவு செய்தார். ஒரு ஆட்டத்தைக்கூட அவர் வந்து பார்த்ததில்லை. பார்த்திருந்தால் கோச்சுக்கு எங்கள் மேல் நம்பிக்கை இருக்கிறதா என்றுதான் கேட்டிருப்பார்.

முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். ஆபீசர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "பயப்படாமச் சொல்லுங்க. இது வெளியில போகாது. உங்களுக்கு அவர் மேல நம்பிக்கை இருக்கா, இல்லையா?" என்றார்.

இருக்கிறது என்று சொன்னால், கோச்சைத் தூக்கிய பிறகு வருகிற புது ஆளிடம் நான் பழைய ஆளின் கையாள் ஆகிவிடுவேன். இல்லை என்று சொல்லி, கோச் பதவியில் நிலைத்துவிட்டால் அவர் முகத்தில் எப்படி விழிப்பது? தோளில் கைபோட்டு என்னைக் கோல்கீப்பராக ஆக்கிய மனிதர். அரை நிமிஷம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பிறகு எனக்கு ஞானம் பிறந்தது.

"எனக்கு முழு நம்பிக்கை இருக்குங்க சார். மத்தவங்களுக்குத்தான் இல்ல."

ஆபீசர் அப்படியே எழுதிக்கொண்டார். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு வெளியே வந்தேன். அடுத்து ஃபிட்டர் போனார், பிறகு கிரேன்காரர், இப்படியே பதினொரு பேரும். வெளியே வந்த ஒவ்வொருவரும் ஒரே மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "நம்ம அண்ணனப் போயி விட்டுக்குடுக்க முடியுமா?" என்றார்கள். நானும் அதையேதான் சொன்னேன்.

ஒரு வாரம் கழித்து எங்களையும் கோச்சையும் கேண்டீன் ஹாலுக்கு வரச் சொன்னார் ஆபீசர். வெளியில் போகாது என்றவர் ஃபைலைத் திறந்து சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். யார் என்ன சொன்னார் என்று பெயரில்லாமல்தான் படித்தார். பெயர் தேவையே படவில்லை. ஒன்றாம் ஆள்: எனக்கு நம்பிக்கை இருக்கிறது, மற்றவர்களுக்கு இல்லை. இரண்டாம் ஆள்: எனக்கு இருக்கிறது, மற்றவர்களுக்கு இல்லை. மூன்றாம் ஆளும் அதையே. நாலாவது ஆள் மட்டும் கொஞ்சம் நீட்டி, குறிப்பாகக் கோல்கீப்பருக்கு அறவே இல்லை என்று சேர்த்திருந்தார். எனக்குக் காது சுட்டது. ஐந்து, ஆறு, ஏழு என்று பதினொன்று வரை போயிற்று. வருஷம் முழுக்கக் கோச் தொண்டை வறளச் சொன்ன பாடத்தை அன்றைக்குத்தான் நாங்கள் படித்திருந்தோம். கைக்கு வந்ததைப் பக்கத்தில் நிற்கிறவனிடம் அத்தனை அழகாகத் தள்ளிவிட்டிருந்தோம்.

ஆபீசர் ஃபைலை மூடினார். அவர் முகத்தில் சந்தோஷம்.

"பதினொரு பேரும் தனக்கு நம்பிக்கை இருக்குன்னு சொல்லியிருக்காங்க. மத்தவங்களைப் பத்திச் சொன்னது கேள்விப்பட்டது, அதை எடுத்துக்க முடியாது. அதனால முழு அணிக்கும் உங்க மேல நம்பிக்கை இருக்கு. நீங்களே கோச்சாத் தொடரலாம்."

அப்பாடா என்று நாங்கள் கைதட்டினோம். நான் எல்லோரையும்விட பலமாகத் தட்டினேன்.

கோச் எழுந்தார். எங்களை ஒரு முறை வரிசையாகப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குத் தேவலாம் போல இருந்திருக்கும்.

"சார், பசங்க தன்னப்பத்திச் சொன்னத வுட்டுடுங்க. அடுத்தவனப்பத்திச் சொன்னான் பாருங்க, அதுதான் நெசம்" என்றார். "என்னைய பேக்கிங்குக்கே அனுப்பிடுங்க. எழுதியே குடுத்துடறேன்."

ஆபீசர் தடுமாறிவிட்டார். இப்படி ஒரு பதிலுக்கு அவருடைய ஃபைலில் இடமில்லை. எங்களைப் பார்த்து, "நீங்க யாராவது ஏதாவது சொல்றீங்களா?" என்றார்.

"போவாதீங்கண்ணே" என்று ஒரு வார்த்தை போதும். யார் சொல்லியிருந்தாலும் அவர் நின்றிருப்பார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். நான் ஃபிட்டரைப் பார்த்தேன். ஃபிட்டர் கிரேன்காரரைப் பார்த்தார். கோச் பேப்பர் வாங்கி, அங்கேயே நின்றபடி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்த மாதம் திருச்சியிலிருந்து புது கோச் வந்தார். அவர் வந்த பிறகும் தோற்றோம் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

ஒரு நாள் வருகைப் பதிவு சரிபார்க்க நான் பேக்கிங் பிரிவுக்குப் போக வேண்டியிருந்தது. துண்டால் மூக்கை மூடிக் கட்டிக்கொண்டு, புருவம் வரை வெள்ளையாக, மூட்டைகளுக்கு நடுவில் பழைய கோச் நின்றிருந்தார். என்னைக் கண்டதும் துண்டை இறக்கினார். ஏதோ சொல்ல வந்து, இருமல் முந்திக்கொண்டது. மூட்டை மேல் கையூன்றி இருமி முடிக்கும் வரை நான் பதிவேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"போன மேட்ச்சுல கீழ வுழுந்தியாமே. கால் எப்புடி இருக்கு தம்பி?" என்றார்.

கணுக்கால் அப்போதும் வீங்கித்தான் இருந்தது. அணியில் ஒருவரும் அதுவரை கேட்டிருக்கவில்லை.

"சரியாயிடுச்சுண்ணே" என்றேன். அவரிடம் அன்றைக்கும் என்னால் உண்மை சொல்ல முடியவில்லை.