கரண்ட் போனால் பேசுகிறவர்

சாராள் அக்கா இறந்த செய்தி எனக்கு முக்கால் மணி நேரம் தாமதமாகத்தான் வந்தது. சோமனூரில் எங்கள் தறிக்குடோனில் தறிகள் ஓடும்போது போன் அடித்தால் கேட்காது. டீ குடிக்க வெளியே வந்து பார்த்தால் சபைச் செயலாளர் ஐந்து முறை கூப்பிட்டிருக்கிறார். திருப்பி அழைத்தேன். "அக்கா போயிட்டாங்க மணி" என்றார். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். செவ்வாய்க்கிழமை வேலைக்கு வந்துவிடுவதாக ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லியனுப்பியிருந்தார். அந்தச் செவ்வாய்க்கிழமையை நம்பி நான் ஒரு காரியத்தைத் தள்ளிப்போட்டிருந்தேன்.

சபையாரே, அக்காவைப் பற்றி உருக்கமாக எழுதித் தரும்படி போதகர் கேட்டார். எனக்கு அது வராது. நீங்கள் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் அவரைப் பார்த்தவர்கள். நான் பன்னிரண்டு வருடம் ஒரே கூரைக்கடியில் அவரோடு வேலை பார்த்தவன். என் பாடு உங்களுக்குத் தெரியாது.

அக்காவுக்குத் தறிகளுக்கு ஊடை நூல் சுற்றிக் கொடுக்கும் வேலை. கரண்ட் போனால் குடோன் சட்டென்று அமைதியாகிவிடும். மற்றவர்கள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு கொஞ்சம் உட்காரலாம் என்று பார்ப்பார்கள். அக்கா ஆரம்பித்துவிடுவார். வீட்டுக்காரர் குடியை விட்டது, மகள் பிரசவத்தில் பிழைத்தது, நடுவில் இயேசு என்ன செய்தார் என்று ஒன்றுவிடாமல் வரும். பக்கத்துத் தறிக்காரர் பழனிச்சாமி அண்ணன் கிருத்திகை தவறாமல் சென்னிமலை ஏறுகிறவர். "உங்க சாமி உங்களுக்கு, எங்க முருகன் எங்களுக்குங்க. கரண்ட் வந்தா எழுப்பி உடுங்க" என்று துண்டை விரித்துப் படுத்துக்கொள்வார். "நான் விக்க வரலீங்க. எனக்கு நடந்ததைச் சொல்றேன், அவ்வளவுதானுங்க" என்பார் அக்கா. மறுநாள் கரண்ட் போனால் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.

சொல்வதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அந்தச் சத்தத்தை எப்படிப் பொறுப்பது? முப்பது வருடத் தறிச் சத்தத்தில் அவருக்குப் பாதிக் காது போயிருந்தது. ஒருமுறை கோயமுத்தூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் தன் மூட்டு வலி ஜெபத்தில் குணமான கதையைச் சொன்னார். சூலூர் தாண்டுவதற்குள் டிரைவர் உட்பட எல்லோருக்கும் அந்த மூட்டு அத்துப்படி. "ஏனுங்கம்மா, டிக்கெட்டை வாங்கிப்போட்டு ஜெபம் பண்ணுங்க" என்றார் கண்டக்டர். நான் மூன்று சீட் தள்ளித் தூங்குவதுபோல் கண்ணை மூடியிருந்தேன். சிங்காநல்லூரில் இறங்கியதும் சண்டை போட்டேன். "மெதுவாத்தானே கண்ணு பேசுனேன்" என்றார். பஸ் ஸ்டாண்டில் பத்துப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சபைப் பதிவேட்டில் நான் சாமுவேல் மணி. குடோனில் வெறும் மணி. அங்கே நான் கிறிஸ்தவன் என்று அக்காவைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. ஆயுத பூஜைக்குப் பொரி கொடுத்தால் வாங்கிக்கொண்டு பின்னால் நிற்பேன். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பயமெல்லாம் இல்லை, கூச்சம். இன்னொரு சாராள் அக்கா என்று என்னையும் சொல்லிவிடுவார்களே.

வாயில் எதுவும் நிற்காத அந்த மனுஷி, இதை மட்டும் பன்னிரண்டு வருடம் யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் நானே கேட்டேன். "அது உன்ர வாயில வரோணும் கண்ணு. நான் சொன்னா வெறும் சேதிதான்" என்றார். எனக்கு எரிச்சல் அதிகமாயிற்று. அவர் போட்டு உடைத்திருந்தால் என் வேலை முடிந்திருக்கும்.

அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒருநாள் கரண்ட் போனது. பழனிச்சாமி அண்ணன் படுக்கவில்லை. என் தறிக்கு வந்து நின்றார். அவருடைய மகன் பைக்கில் போய் லாரியில் மோதி, காலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர்கள் சொல்லியிருந்த சமயம். "அந்தம்மா இந்த நேரத்துல இங்க இல்லாமப் போயிட்டாங்களே மணி. பையனுக்காக அவங்க சாமிகிட்டச் சொல்லச் சொல்லலாம்னு பார்த்தேன். அவங்களாட்டம் சொல்றதுக்கு வேற ஆரு இருக்காங்க?" என்றார். நான் அவருக்கு இரண்டு அடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். "செவ்வாய்க்கிழமை வந்துருவாங்கண்ணா" என்று சொல்லிவிட்டு, இறுக்கமாக இருந்த ஒரு போல்ட்டை மறுபடி இறுக்கினேன்.

அக்கா திங்கட்கிழமை போய்விட்டார். அடக்கத்துக்குப் பழனிச்சாமி அண்ணன் மாலையோடு வந்தார். கல்லறையில் வேதவசனம் வாசித்துக்கொண்டிருந்த என்னை அவர் பார்த்ததை நானும் பார்த்தேன். எல்லாம் முடிந்து வாசலில் காத்திருந்தார். "ஏனுங்க மணி, நீங்களும் இதே சபைதானுங்களா? அன்னைக்கு நான் எந்த நிலைமையில வந்து நின்னேன்னு உங்களுக்குத் தெரியும். நீங்களாச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்க." திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். என்னிடம் இத்தனை நாள் இல்லாத அந்த "ங்க"வைத்தான் தாங்க முடியவில்லை.

அக்காவிடமிருந்து எதை வைத்துக்கொள்கிறாய் என்று போதகர் கேட்டார். அவருடைய குரல் யாருக்கும் வராது. தைரியமும் எனக்கு வராது. கரண்ட் போகும் நேரத்தை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

நேற்றுப் பதினோரு மணிக்குத் தறிகள் நின்றன. எல்லோரும் பழக்கத்தில் ஒருமுறை அக்காவின் இடத்தைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். பழனிச்சாமி அண்ணனின் அருகில் போனேன். மகனுக்கு இன்னும் ஆபரேஷன் ஆகவில்லை. "அண்ணா, நானும் இயேசுவைக் கும்பிடறவன்தானுங்க. தம்பிக்காக ஜெபம் பண்ணட்டுங்களா?" என்றேன். தொண்டையைத் தாண்டி வந்ததா என்று எனக்கே சந்தேகம்.

அவர் காதில் கையை வைத்துக்கொண்டு குனிந்தார். "கேக்கலீங்க மணி. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

குடோன் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சத்தமாகச் சொன்னேன்.