கொசுறாக வந்த கீரை

பருப்புக்கீரைத் தண்டைக் கிள்ளினால் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்கும், விரலில் சில்லென்று ஈரம் ஒட்டும், வாயில் போட்டால் முதலில் லேசாகப் புளிக்கும், அப்புறம் உப்பு கரிக்கும். நெட்டுக்குப்பத்தில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் விளைந்த கீரையில் அந்த உப்பு கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது. அதில் என் கைங்கரியமும் உண்டு என்பதை இருபது வருஷமாக நான் யாரிடமும் மூச்சு விடவில்லை.

அக்கா செல்வி அப்போது ஒன்பதாம் வகுப்பு, பள்ளிக் கபடி அணியில் "ரைடு" போகிறவள். அந்த வருஷம் பரீட்சைக்கு முன்னால் ஒரு நாள் காலைப் பிரேயரில் மயங்கி விழுந்துவிட்டாள். சோதித்துப் பார்த்த நர்ஸம்மா, ரத்தம் எட்டுதான் இருக்கிறது, மாத்திரையோடு தினமும் கீரையும் சாப்பிட வேண்டும் என்றார். விளையாட்டு டீச்சரோ, லீவு முடிந்து வந்ததும் மறுபடி பார்ப்போம், பத்தைத் தாண்டினால்தான் அணியில் பேர் என்று கறாராகச் சொல்லிவிட்டார். ரத்தம் குறைந்ததற்காக அக்கா அழவில்லை, பேர் போய்விடுமே என்றுதான் இரண்டு நாள் அழுதாள்.

மூன்று வேளையும் மீன் மணக்கும் குப்பத்தில் கீரைக்கு எங்கே போவது? கீரைக்காரம்மா வாரத்துக்கு ஒரு முறைதான் வருவார், அதுவும் வெயிலில் துவண்டுபோன கட்டுகளோடு. "நாமளே போட்டுக்கலாம்" என்றாள் அம்மா. அடுத்த வீட்டுக் கஸ்தூரி அத்தை விழுந்து விழுந்து சிரித்தார். "இன்னாமே, வெயில்ல மண்டை கொழம்பிப் போச்சா? இந்த மண்ணுல உப்புதான் வெளையும், கீரையா வெளையும்?" என் அம்மாவிடம் ஒரு காரியம் முடியாது என்று சொன்னால் போதும், அன்றைக்கே அதை ஆரம்பித்துவிடுவாள்.

மாதவரம் மாட்டுக் கொட்டகையிலிருந்து பழைய மீன் கூடையில் சாணி எரு சுமந்து வந்தாள். "மீன் கூடைக்கே ஜனங்க மூக்கப் பொத்துது, இதுல இது வேறயா?" என்று கண்டக்டர் கத்த, "மீனுன்னா கவுச்சி அடிக்கும், இது இன்னா பண்ணுது உன்ன?" என்று கேட்டுக்கொண்டே கடைசி சீட்டுக்குக் கீழே கூடையைத் தள்ளிவிட்டாளாம். திருவொற்றியூர் விதைக்கடையில் முளைக்கீரை, அரைக்கீரை, சிறுகீரை, புளிச்சக்கீரை, பாலக்கு என்று ஐந்து பொட்டலம் வாங்கினாள். கடைக்காரர் கொசுறாக ஒரு சிட்டிகை பருப்புக்கீரை விதையையும் தாளில் மடித்துக் கொடுத்தார். அந்த ஐந்துக்கும் பின்பக்கத்து நடுவில் நல்ல பாத்தி போட்ட அம்மா, கொசுறை மட்டும் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்து மூலையில் தூவிவிட்டாள்.

பத்தே நாளில் பாத்தி பச்சை கட்டியது. அக்கா தினம் காலையில் பல் துலக்குவதற்கு முன்பே போய் உட்கார்ந்து பார்ப்பாள். "மீன் அலசுற தண்ணிய கீழ கொட்டாத, செடிக்கு ஊத்து, நல்லா வரும்" என்று என்னிடம் சொல்லியிருந்தாள் அம்மா. சொன்னபடி ஊற்றினேன். அதற்குள் மீன்பிடித் தடைக்காலம் வந்து படகெல்லாம் கரையேறிவிட்டது. வீட்டில் மீன் இல்லை, கருவாடுதான். அம்மா கருவாட்டுக் கூடையோடு சந்தைக்குப் போய்விட, நான் கருவாட்டை ஊறவைத்து, அலசி, அந்தத் தண்ணீரை ஒரு சொட்டு வீணாக்காமல் பாத்தி முழுக்க ஊற்றினேன், மூலைக்கும் சேர்த்து. ஒரு நாள் இல்லை, ஐந்து நாள்! மீனும் கருவாடும் ஒன்றுதானே என்பது ஒன்பது வயது மூளையின் கணக்கு.

ஆறாம் நாள் இலை ஓரமெல்லாம் கருகிச் சுருண்டிருந்தது. இரண்டே நாளில் ஐந்து வகையும் படுத்துவிட்டன. அக்கா பாத்தி ஓரத்தில் உட்கார்ந்து கருகிய இலைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை. எனக்குக் காரணம் புரிந்தது, ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. அம்மா குனிந்து மண்ணை ஒரு கை அள்ளி முகர்ந்தாள். பிறகு மூலைக்குப் போனாள். அங்கே பருப்புக்கீரை மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் கொழுகொழுவென்று தரையில் படர்ந்திருந்தது.

"இது நம்ம வூட்டுப் புள்ள" என்றாள் அம்மா. செத்த செடிகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பருப்புக்கீரைத் தண்டுகளை விரல் நீளத்துக்குக் கிள்ளிப் பாத்தி முழுக்க நட்டாள். அதுவும் சளைக்காமல் வேர் பிடித்தது. அன்று முதல் எங்கள் வீட்டில் தினம் அதே கீரைதான். பருப்போடு ஒரு நாள், பூண்டு தட்டிப் போட்டு ஒரு நாள், சென்னாக்கூனி என்ற பொடி இறாலை வறுத்துப் போட்டு ஒரு நாள். பக்கத்து அனல்மின் நிலையத்திலிருந்து காற்றில் வந்து இலைமேல் படியும் சாம்பல் போக மூன்று தண்ணீரில் அலசும் வேலை என்னுடையது. முணுமுணுக்காமல் செய்தேன்.

பள்ளி திறந்ததும் சோதித்தார்கள். பத்தரை! மாத்திரையும் காரணம் என்றார் நர்ஸம்மா, அம்மா அதைக் காதிலேயே வாங்கவில்லை. மணலியில் நடந்த போட்டியில் அக்கா முதல் ரைடிலேயே இரண்டு பேரைத் தொட்டுவிட்டு வந்தபோது, "என் கீரைடீ அது!" என்று கூட்டத்தில் கத்தினாள் அம்மா. மறுவாரம் கஸ்தூரி அத்தை எங்கள் பின்பக்கத்தில் வந்து நின்று, "ஒரு பிடி குடேன், எங்க வூட்லயும் நட்டு வெக்கறேன்" என்றார். அம்மா மடி நிறையக் கொடுத்தாள். அந்த ஆடிக்குள் தெருவில் பாதி வீடுகளின் பின்பக்கம் எங்கள் கீரைதான். இன்றும் அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

இப்போது அந்தத் தெருவில் பின்பக்கம் என்று ஒன்று இல்லை. எங்கள் பாத்தியின் மேல் சிமெண்டுத் தரையும், அதன் மேல் தண்ணீர்த் தொட்டியும், அக்கா மகளின் சைக்கிளும் நிற்கின்றன. துவைகல்லைக்கூட யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். போன பொங்கலுக்கு அந்தப் பெண் தட்டில் இருந்த கடைக்கீரையை ஒதுக்கியதைப் பார்த்து, அம்மா பழைய கதையை எடுத்தாள். "ஆறு தினுசு போட்டேன், நம்ம மண்ணுக்கு ஏத்தது இதுதான்னு நாந்தான் பொறுக்கி எடுத்தேன்" என்றாள்.

"எப்படி ஆயா கண்டுபுடிச்ச?" என்று கேட்டாள் பேத்தி.

"அஞ்சு நாளு கருவாட்டுத் தண்ணி ஊத்திப் பாத்தேன்" என்றாள் அம்மா, என் பக்கம் திரும்பாமலே. "எது நிக்குதோ அத்த வெச்சிக்கினேன்."