மரியாள் கை

பிரெஞ்சுத் தலைநகரின் லா ஷப்பல் தமிழ்க் கடைத்தெருவில் மரியகொறற்றியைத் தெரியாதவர் இல்லை. சாப்பாட்டுக்கடையொன்றின் பின்கட்டில் வெங்காயம் உரித்து மகளை வளர்த்துக்கொண்டிருந்தாள். வாய்க்காரி, பிடித்த முயலுக்கு மூன்றே கால். 1985இல் மன்னாரில் ஆமி பிடித்துக்கொண்டுபோன புருஷன் பத்திநாதர் உயிரோடு இருக்கிறார் என்பதும் அப்படி ஒரு முயல்தான்.

அதற்குச் சாட்சி ஒரு பூ. மேல்மாடி அல்ஜீரியப் பெண் கதீஜா கொடுத்தது. மழை கண்டு முளைத்து, சின்னஞ்சிறு வெள்ளைப் பூக்கள் பூத்து, பிறகு காய்ந்து கிளைகளை உள்ளே மடக்கி உருண்டையாகிவிடும் பாலைவனச் செடி. தண்ணீரில் வைத்தால் மெல்ல விரியும். பிள்ளைப்பேற்று வலி கண்டால் கதீஜாவின் ஊரில் அதைத் தண்ணீரில் போடுவார்களாம், விரிந்தால் சுகப்பிரசவம். பெயரோ ‘மரியாள் கை’. நம்மவளுக்கு வேறென்ன வேண்டும்! மாதா சுரூபத்துக்கு முன்னால் கிண்ணத்தில் தண்ணீர் விட்டு வைப்பாள். விரிந்ததும், “பாத்தியளே, மனுசன் இருக்கிறார்” என்பாள்.

கொழுந்தன் இராயப்பு ஒருநாள் பொறுமையிழந்தான்.

“அண்ணி, கூடப் பிடிபட்டவர் அண்ணை செத்ததைக் கண்ணாலை கண்டதெண்டு சொல்லிப்போட்டார். அண்ணைக்கு ஒரு பூசை ஒப்புக்குடுக்க விடுங்கோ. அந்த ஆத்துமம் பாவமெல்லே!”

“பூ விரியுது. நீ ஏன்ரா என்ரை புருசனைச் சாக்காட்டுறாய்?”

ரொட்டி கொண்டுவந்த கதீஜா என்ன சண்டை என்று கேட்டாள். மரியகொறற்றி தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னாள். கதீஜாவின் முகம் கறுத்துப்போனது. ஐயோ, நல்லது நினைத்துக் கொடுத்த பொருளல்லவா! காய்ந்து கிடந்த உருண்டையிலிருந்து ஒரு சுள்ளியை முறித்தாள். தேநீர்க் கிளாஸில் தண்ணீர் விட்டுப் போட்டாள்.

மூவரும் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெகுநேரம் கழித்து, முறிந்த அந்தத் துண்டும் விரிந்தது.

“இது எப்போதோ செத்துப்போனது, சகோதரி,” என்றாள் கதீஜா. “வேர்கூட இல்லை. செத்தாலும் தண்ணீர் பட்டால் விரியும், அதன் குணம் அப்படி. உள்ளே இருக்கிற விதைக்குத்தான் உயிர்.”

மரியகொறற்றி அழுத அழுகை கீழ்மாடிவரை கேட்டது. அத்தனை காலம் அடக்கி வைத்திருந்தாள், பாவி.

ஞாயிற்றுக்கிழமை கோவிலில் தமிழ்ச் சுவாமியார் எந்தக் கருத்துக்குப் பூசை என்று கேட்டார்.

“பத்திநாதருக்கோ? சுகத்துக்கோ, ஆத்தும இளைப்பாற்றிக்கோ?”

இராயப்பு வாயெடுத்தான். அவள் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். செத்தவருக்கான அந்தச் சொல்லை வேறொருவர் சொல்ல அவள் விடுவாளா?

“இளைப்பாற்றிக்கு, சுவாமி. நான் அவரின்ரை பெண்சாதி.”