‘டக்’ என்று கேட்கும் வரை

‘குறுந்தகட்டை ஓரங்களில் மட்டுமே பிடிக்க வேண்டும். பரப்பில் விரல் படலாகாது. எக்காரணம் கொண்டும் அதை அழுத்தலாகாது.’

இது விதி. எழுதியது யார் என்கிறீர்களா? அடியேன்தான்.

புனேயில் நான் வேலை பார்த்த அரசு அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிதில், ஒரு புண்ணியவான் சிடியின் மேல் டீ கிளாஸை வைத்திருந்தார். பொறுப்பேனா? அன்றே சுற்றறிக்கை தயார் செய்தேன். ஆங்கிலத்திலும் இந்தியிலும் சுவரில் தொங்கியது. நான் ஓய்வு பெறும்வரை அதை யாரும் கழற்றவில்லை. யாரும் படிக்கவில்லை என்பதும் காரணமாக இருக்கலாம்...

அந்த விதி இத்தனை வருடம் கழித்து என் மனைவியின் வலது தோளில் வந்து உட்காரும் என்று யார் கண்டது?

கோமதிக்குக் கொஞ்ச நாளாகவே வலது கை காதுக்கு மேலே எழும்பவில்லை. மேல் தட்டில் இருக்கும் பருப்பு டப்பாவை எடுக்க முடியவில்லை. பின்னல் போட முடியவில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்தோம். தோளுக்குள் தசைநார் கிழிந்திருக்கிறது, ஆபரேஷன் செய்துவிடலாம் என்றார் இங்குள்ள டாக்டர். பிள்ளையாரைக் கரைக்கும் கணபதி விசர்ஜனம் முடிந்து ரோடெல்லாம் திறந்ததும் முதல் வேலையாகச் செய்வது என்று முடிவாயிற்று.

கோமதிக்கு ஆபரேஷன் என்றாலே பயம். அவளுடைய சித்தி மகன் முத்துக்குமார் மதுரையில் எலும்பு டாக்டர். ‘தம்பி பாத்துச் சொல்லட்டும். அவன் செய்யணும்னா செஞ்சிக்கிடுதேன்’ என்றாள். நியாயம்தானே? ஃபிலிமை ட்யூப் லைட் வெளிச்சத்தில் பிடித்து, போனில் படம் எடுத்து அனுப்பினேன்.

முத்துக்குமார் கூப்பிட்டான்.

“அத்தான், ஒங்க வீட்டு ட்யூப் லைட்டு நல்லாத் தெரியுது. அக்கா தோளத்தான் காணும்.”

“ரிப்போர்ட் அனுப்பியிருக்கேனேப்பா?”

“அது இன்னொருத்தரு பாத்து எழுதினது. நான் பாக்கணும்லா? சிடி குடுத்திருப்பாங்க. அதுல உள்ளத அப்படியே அனுப்புங்க.”

ஸ்கேன் சென்டருக்குப் போன் செய்து, நேரடியாக மெயிலில் அனுப்ப முடியுமா என்று விசாரித்தேன். “சிடி மே சப் ஹை, அங்க்கிள்” என்றது ஒரு பெண் குரல். சிடியில் எல்லாம் இருக்கிறதாம். இருக்கட்டும். சிடி எதில் இருக்கும்?

மகள் வாங்கிக் கொடுத்த லேப்டாப் சப்பாத்தி மாதிரி மெலிசு. நான்கு பக்கமும் தடவிப் பார்த்தேன். திருப்பிப் போட்டுத் தடவினேன். பெங்களூரில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டேன்.

“அப்பா, சிடி போடற எடமா? அதெல்லாம் இப்ப வர்றதே இல்லப்பா. வெளிய செருகற டிரைவ் ஒண்ணு வாங்கிக்கோங்க.”

“முன்னறிவிப்பு இல்லாம எப்படி நிறுத்தினாங்க?”

அவள் சிரித்த சிரிப்பை இங்கே எழுதுவதற்கில்லை.

புனேயின் ஔந்துப் பகுதியில் கம்ப்யூட்டர் சாமான் விற்கும் கடைக்குப் போனேன். “காகா, சிடி? அஜூன் அஸ்த்தே கா?” என்றார் கடைக்காரர். சிடியெல்லாம் இன்னும் இருக்கிறதா என்று அவருக்கு உண்மையிலேயே சந்தேகம். காகா என்பது மராத்தியில் சித்தப்பா. இந்த ஊரில் முக்கால் ஆயுள் கழிந்தும், அப்படி யாராவது கூப்பிட்டால் என் கண் முதலில் ஜன்னலுக்குத்தான் போகும். அவர் பரண் மேலிருந்து ஒரு பெட்டியை எடுத்து, தூசி தட்டி, டிரைவின் பழைய காலத்துச் செருகி என் லேப்டாப்பின் சின்ன வாய்க்குள் நுழையாது என்று அதற்கொரு இணைப்பும் சேர்த்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தேன். கையைக் கழுவினேன். துடைத்தேன். டிரைவைச் செருகினேன். பொத்தானை அமுக்கியதும் தட்டு கொஞ்சமே எட்டிப் பார்த்தது, மீதியை நான் இழுத்துவிட்டேன். சிடியை ஓரத்தில் பிடித்து, சுவாமி படத்துக்குப் பூ சாத்துகிற மாதிரி அந்தத் தட்டின் மேல் வைத்தேன். மூடினேன்.

கர்ர்ர்... கடக்... கர்ர்ர்.

திரையில் ஒரு வாசகம்: ‘டிரைவில் வட்டைப் போடவும்.’

போட்டிருக்கிறேனே ஐயா!

எடுத்தேன். மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் துடைத்தேன் — அதுவும் என் சுற்றறிக்கையில் உள்ளதுதான். மறுபடி வைத்தேன். கர்ர்ர்... கடக். லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். வேறு வாயில் செருகினேன். கர்ர்ர்... கடக். ‘வட்டைப் போடவும்.’

இந்த நிலையில் சாதாரண மனிதன் என்ன செய்வான்? கடைக்குத் திரும்பிப் போவான். அல்லது பக்கத்து ஃபிளாட்டில் கேட்பான். நான் முறை தெரிந்தவன். டிரைவ் செய்த கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கு மெயில் எழுதினேன். பொருள், பார்வை, பத்திகளுக்கு எண், இணைப்பாக ரசீதின் நகல். கடைசிப் பத்தியில், ‘குறுந்தகடு கையாளும் விதிகள் அனைத்தும் வழுவாமல் கடைப்பிடிக்கப்பட்டன என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.’

உடனே பதில் வந்தது, ‘உங்கள் மெயில் எங்களுக்கு முக்கியம்’ என்று. எந்திரம் அனுப்பியது. அதற்கும் நன்றி தெரிவித்து எழுதினேன். வேறென்ன சொல்ல?

கணபதி வந்துவிட்டார். எங்கள் அடுக்குமாடிச் சொசைட்டி வாசலில் பந்தல், காலையும் மாலையும் ஆரத்தி. கோமதியால் மாவு பிசைய முடியாததால் கொழுக்கட்டை இந்த வருடம் என் பொறுப்பு. வாய் பிளந்த கொழுக்கட்டைகளைப் பிள்ளையார் முன் வைத்தேன். அவர் பெரிய மனதுக்காரர், ஒன்றும் சொல்லவில்லை. கோமதி சொன்னாள். கொழுக்கட்டையைப் பற்றி அல்ல.

“ஏங்க, அந்தக் கம்பெனிக்காரனுக்கு லெட்டர் மேல லெட்டராப் போடுதீங்களே, என்னத்தக் கண்டீங்க?”

“முதல் நினைவூட்டல் போயிருக்கு. இனி ரெண்டாவது.”

“அது போவட்டும். எந்தோளு எப்ப மதுரைக்குப் போவும்?”

இரண்டாவது நினைவூட்டலில் ‘மிக அவசரம்’ என்று சேர்த்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து, ஆபரேஷனுக்கு முன் செய்ய வேண்டிய ரத்தப் பரிசோதனைக்கு எப்போது வருகிறீர்கள் என்று கேட்டார்கள். முத்துக்குமார், “படம் என்னாச்சு அத்தான்?” என்றான். நடவடிக்கையில் இருக்கிறது என்றேன். அலுவலகத்தில் எத்தனை பேரை அந்த ஒரே வாசகத்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்! அது இவ்வளவு எரிச்சலூட்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லையே...

விசர்ஜனத்துக்கு இரண்டு நாள் முன்பு, காலையில் மறுபடி தட்டை இழுத்து, சிடியைச் சாத்தி, கைகூப்பாத குறையாக நின்றிருந்தேன். கோமதி இடது கையில் சட்னிக் கிண்ணத்தோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

“இது என்னங்க, லொடலொடன்னு கெடக்கு?”

“எது?”

“சிடிதான். உக்காரவே இல்லியே. மிக்ஸி ஜார் உக்காரலன்னா மிக்ஸி ஓடுமா?”

“மிக்ஸி வேற, இது வேற...”

“நடுவுல குமிழு எதுக்கு இருக்கு, பொட்டு வைக்கவா?” என்றபடி அவள் கட்டைவிரலை நீட்டினாள்.

“அழுத்தாதே!” என்று கத்தினேன். “விதி—”

டக்.

அழுத்திவிட்டாள். தட்டை உள்ளே தள்ளினாள். இந்த முறை கர்ர்ர் இல்லை, கடக் இல்லை. தேனீ மாதிரி ஒரு ரீங்காரம். திரையில் கறுப்பும் சாம்பலுமாக ஒரு படம் விரிந்தது. கோமதியின் தோள்.

“இதுதானா?” என்றாள். “இவ்ளோ நாளும் இதுவா இந்தப் பாடு படுத்துச்சு?”

அவள் அழுத்தியது வலிக்கிற கையின் விரலால் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

என் அலுவலகத்துக் கம்ப்யூட்டர்களில் தட்டு தானே முழுசாக வெளியே வரும். வைத்தால் போதும், தானே உள்ளே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். இந்த மெலிந்த டிரைவில் நாம்தான் குமிழில் பொருத்த வேண்டும். ஆக, விதியில் பிழை இல்லை. அதை வேறோர் எந்திரத்துக்கு ஓதிக்கொண்டிருந்தவனிடம்தான் பிழை. விதி எழுதுகிறவர்கள் ‘கூடாது’களை மட்டும் எழுதிவிட்டு எழுந்து போய்விடுகிறோம். எங்கே கொஞ்சம் அழுத்தித்தான் ஆகவேண்டும் என்று ஒருவரும் எழுதுவதில்லை.

மகள் போனில் சொல்லச் சொல்ல, படங்கள் மொத்தத்தையும் மதுரைக்கு அனுப்பினேன். முத்துக்குமாரிடமிருந்து பதில் இல்லை. அன்றும் இல்லை, மறுநாளும் இல்லை. நினைவூட்டல் அனுப்ப எனக்கே வெட்கமாக இருந்தது. கோமதி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய பையை எடுத்து வைத்தாள். மேலே வைத்த துண்டை மட்டும் மூன்று தடவை மடித்தாள்.

விசர்ஜன நாளான அனந்த சதுர்த்தசி. வாசலில் டோல் மேளம் முழங்க எங்கள் சொசைட்டிப் பிள்ளையார் கிளம்புகிற நேரத்தில் போன் அடித்தது. ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு குளியலறைக்குள் ஓடினேன்.

“அத்தான், தோள் ஆபரேஷன் மட்டுமே பண்ணுத ஒருத்தர்ட்டயும் காட்டிட்டேன். அதான் லேட்டு. கிழிசல் சின்னதுதான். இப்பம் ஆபரேஷன் வேண்டாம். பயிற்சி செஞ்சு பாக்கட்டும். அங்க உள்ள டாக்டர்ட்டயும் பேசிட்டேன், அவரும் சரின்னுட்டாரு.”

கதவுக்கு வெளியே நின்றிருந்தவளிடம் சொன்னேன். சத்தத்தில் கேட்கவில்லை. கத்திச் சொன்னேன். கோமதி நேரே போய்ப் பையிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு பால்கனிக்குப் போய், இடது கையை முழுசாகவும் வலது கையை முடிந்த மட்டும் தூக்கி, கூட்டத்தோடு சேர்ந்து கத்தினாள்: “புட்ச்யா வர்ஷி லவ்கர் யா!”

அடுத்த வருஷம் சீக்கிரமா வா என்று பிள்ளையாரிடம் சொல்கிறார்கள்.

அப்போது என் போனில் இன்னொரு மணி. கம்பெனியின் மெயில். ‘மதிப்புக்குரிய ஐயா, வட்டை நடுக்குமிழில் டக் என்று கேட்கும் வரை அழுத்தவும்.’

அடுத்த முறை நீங்களும் சீக்கிரமாக வாருங்கள் என்று எழுத நினைத்தேன். எழுதவில்லை. கோப்பை மட்டும் முறைப்படி முடித்தேன்.

பதில் பெறப்பட்ட நாள்: அனந்த சதுர்த்தசி.